பெருந்துறையில் மாத்துன ஆயில்

எந்தக் கடைங்க தம்பி? இல்லைங்க, ஒட்டுக் கேக்கலை. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறேன், நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. காரை ஆயில் மாத்த விட்டிருக்கேன், சாயங்காலம் எடுத்துக்கச் சொன்னாங்கன்னு பேசுனீங்களே, அதான் கேட்டேன். பெருந்துறை இல்லையே? ஈரோட்டுலயேவா. சரி, அப்பப் பரவாயில்லை. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். போய் எடுக்கறப்ப ஆயில் அளவு பாக்குற குச்சி இருக்குதுங்களா, அதை உருவித் தொடச்சு மறுபடி உட்டு உங்க கண்ணால பாருங்க. நாங்க பாத்துட்டமுங்கன்னு அவனுக சொல்லுவானுக. கேக்காதீங்க.

நான் அன்னிக்கு ஏன் பாக்கலைன்னா, அவசரம். எனக்குத் தெரியாததில்லைங்க. நான் ஸ்பின்னிங் மில்லுல முப்பத்திரண்டு வருசம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ஃபோர்மேன் அர்த்தநாரின்னு சென்னிமலையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எந்த மெசினுக்கு எப்ப எண்ணெய் வேணும், எந்த பேரிங் எத்தனை நாள் தாங்கும், எல்லாம் இந்தக் கையில இருக்கு. அப்படிப்பட்டவனுக்கே இப்படிச் செஞ்சானுகன்னா உங்களாட்ட ஆளுகளுக்கு என்ன செய்வானுக, யோசிச்சுப் பாருங்க.

எம்பட பையன் பூபதிக்குப் பொண்ணு பாக்கப் போற நாளுங்க அது. வெள்ளிக்கிழமை. பொண்ணு வீடு அவினாசி. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள போய் வாசப்படி ஏறிரணும். பையன் ஓசூர்ல வேலை, அவன் நேரா அவினாசிக்கு வந்து நிக்கறான். நானும் வீட்டுக்காரியும் சென்னிமலையில இருந்து கார்ல கெளம்பறோம். வழியில பெருந்துறையில நிறுத்தி ஆயில் மாத்திட்டுப் போயிரலாம்னு நான்தான் சொன்னேன். இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்களேன்னு அவ சொன்னா. நல்ல காரியத்துக்குப் போறப்பக் கரியாட்டக் கறுத்த ஆயிலோட போறதா? எனக்கு மனசு கேக்கலை.

கடைக்காரன் மோகனசுந்தரம். எனக்குப் பதினஞ்சு வருசப் பழக்கம், அண்ணா அண்ணான்னு பேசுவான். வேலை பாக்கறவன் ஒருத்தன், மாதேசன்னு பேரு, தருமபுரிப் பக்கத்து ஆளு. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணாடி போட்டிருப்பான். அவன் பழைய ஆயிலை எறக்கிட்டு, ஃபில்டர் மாத்திட்டு, ஒரு லிட்டர் புது கேனை எடுத்தான். மூணரை லிட்டர் ஊத்தோணும். நான் பக்கத்துலயே நின்னேன். நின்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்லாட்டி இவனுக ஒண்ணும் செய்ய மாட்டானுக. புனலைத் துடை, சிந்தாம ஊத்து, அந்த போல்ட்டை இன்னொரு சுத்து சுத்து. அவனும் சரிங்கய்யா சரிங்கய்யான்னு செஞ்சான்.

முதல் கேனை ஊத்திட்டு ரெண்டாவது கேன்ல கையை வெக்கறான், எனக்கு அப்பத்தான் ஹார்ன் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு நாளா கம்மலா அடிச்சுது. இங்க வா, இதை மொதல்ல பாருன்னு கூப்பிட்டேன். இதை முடிச்சர்றனுங்கய்யான்னான். ஆயில் எங்கயும் ஓடிப் போயிராது, ஹார்ன் இல்லாம டோல்கேட் ரோட்டுல எப்படிப் போறதுன்னு ஒரு சத்தம் போட்டேன். வந்தான். ஹார்னைப் பாத்தான். அப்படியே வைப்பரையும் பாருன்னேன். பாத்தான். பின் சக்கரத்துக் காத்தையும் பாருன்னேன். மணி ஒம்பதே கால் ஆயிருச்சு. வீட்டுக்காரி பூவையும் பழத்தட்டையும் மடியில வெச்சுட்டு நேரமாச்சுங்க நேரமாச்சுங்கன்னு நச்சரிக்கறா. ஆயில் மூடி எஞ்சின் மேலயே இருந்துச்சு. அதையும் நானே திருகி, பானெட்டையும் நானே எறக்கி மூடிட்டேன். அங்க எல்லாமே கஸ்டமரே செய்ய வேண்டியிருக்கு பாருங்க. மாதேசன் காத்துப் புடிச்சுட்டு எந்திரிச்சு வந்தான், பானெட் மூடியிருக்கறதைப் பாத்தான், கையைத் துடைச்சுட்டு முடிஞ்சுதுங்கய்யான்னான். முடிஞ்சுதுன்னு அவன் வாயால சொன்னானா இல்லையா? அந்த வார்த்தைக்குத்தாங்க நான் கோர்ட்டு வரைக்கும் போனேன்.

மூணரை லிட்டர் வேண்டிய எடத்துல ஒரு லிட்டர். ஒரு லிட்டரை வெச்சுக்கிட்டு என்னைய ரோட்டுல ஏத்தி உட்டுட்டான்.

அவசரமா எறங்கறீங்களா? இல்லையே, நீங்களும் சென்னிமலைதானே. அப்பக் கேளுங்க.

பெருந்துறைப் பாலம் எறங்கறப்ப வீட்டுக்காரி சொல்றா, ஏனுங்க, விளக்காட்ட ஒண்ணு சிவப்பா எரியுதுங்களேன்னு. முன்னாடி மீட்டர்ல எரியும் பாத்திருப்பீங்க, மூக்கு வெச்ச எண்ணெய்க் கிண்ணியாட்ட ஒரு படம். வண்டி வாங்குன நாள்ல இருந்து அவளுக்கு இதே வேலை. சீட் பெல்ட்டு போடலைன்னு ஒரு விளக்கு எரிஞ்சா அதுக்கும் சொல்லுவா, கதவு சரியா மூடலைன்னாலும் சொல்லுவா. விளக்குன்னா எரியத்தான் செய்யும், பேசாம வான்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னா. எனக்கு அப்பத்தான் ஒரு லாரிக்காரன் எடங்குடுக்காம முன்னாடி போயிட்டிருக்கான். நீ வண்டி ஓட்டறியா நான் ஓட்டட்டுமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவ வாயைத் தொறக்கலை.

விஜயமங்கலம் டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எஞ்சினுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம். தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி. அப்படியே இழுவை போயி, ஓரமா நின்னுருச்சு. நான் பானெட்டைத் தொறந்தேன், குச்சியை உருவுனேன். நுனியில துளியூண்டு ஒட்டியிருந்துச்சு. தம்பி, எண்ணெய் இல்லாம மெசின் ஓடுனா உள்ள என்ன ஆகும்னு என்னையத் தவர யாருக்குத் தெரியும் அந்த ரோட்டுல? இரும்பும் இரும்பும் ஒரசும். பளபளன்னு இருக்கற எடம் கீறல் விழும். வெளிய இருந்து பாத்தாத் தெரியாது. நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். ஒரு நாள் திடுதிப்புன்னு போயிரும்.

வாடகைக்கு ஒரு வண்டியைப் புடிச்சு அவினாசி போய்ச் சேர்றப்ப பதினொண்ணே கால். நட்ட நடு ராகு காலம். அவங்க வாங்க வாங்கன்னுதான் கூப்பிட்டாங்க. நான் வாசல்லயே நின்னு மோகனசுந்தரத்துக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம்தாங்க பேசியிருப்பேன். கொஞ்சம் சத்தமாத்தான் பேசுனேன், பின்ன கொஞ்சுவாங்களா? உள்ள போனப்பப் பொண்ணு வந்து காப்பி குடுத்துட்டுப் போயிருச்சு. மூஞ்சிய நான் சரியாப் பாக்கக்கூட இல்லை, மனசெல்லாம் வண்டியிலயே கெடக்குது. பொண்ணோட அப்பா ஏதோ கேட்டாரு, நான் ஆயில் பிரஷரைப் பத்தி அவருக்கு வெளக்கமாச் சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு, ஜாதகத்தை இன்னொரு எடத்துல பாத்தோம், ஒத்து வரலைன்னு போன் வந்துச்சு. ஜாதகமாவது ஒண்ணாவது. வழியில வண்டி நின்னது அபசகுனம், அது அவங்க மனசுல உழுந்துருச்சு. எம்பட பையன் கல்யாணத்தைக் கெடுத்தது அந்த மாதேசன். பையன் என்ன சொல்றான் தெரியுங்களா, அப்பா, அவங்களுக்கு வண்டி ஒண்ணும் பிரச்சினை இல்லப்பாங்கறான். பின்ன என்னடா பிரச்சினைன்னு கேட்டேன். போனை வெச்சுட்டான். அதுக்கப்புறம் அவங்கம்மாவுக்குத்தான் கூப்பிடறான்.

கடைக்காரன் வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போயி, ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனான். ஓடுச்சு. பிரஷரை அளந்து காட்டுனான். சரியா இருந்துச்சு. அண்ணா, எங்க தப்புத்தான், மன்னிச்சுக்கங்க, ரெண்டு வருசத்துக்குள்ள எஞ்சின்ல எது வந்தாலும் நான் பாத்துத் தர்றேன், எழுதியே குடுக்கறேன்னான். எழுதியும் குடுத்தான். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். புது எஞ்சின். ஏன்னா அவன் சொல்றான் ஒண்ணும் ஆகலைன்னு, உள்ள போய்ப் பாத்தானா? சரி, கழட்டிப் பாத்தர்றேங்கண்ணான்னான். என்னது, கெடுத்தவன் கையிலயே மறுபடி கழட்டக் குடுக்கறதா? முடியாதுன்னுட்டேன்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டாந்தேன். அன்னிக்கு ஆரம்பிச்சுது எம்பட கஷ்டம். ஓட்டறப்ப ஏசி போடறதில்லை, பாட்டு போடறதில்லை, கண்ணாடியைத் தொறக்கறதில்லை. காதைத் தீட்டிக்கிட்டு ஓட்டறேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசுனா சத்தம் மறைஞ்சுரும். அவ தும்முனாக்கூட எனக்குக் கோபம் வந்துரும். நாப்பதுல போனாக் கிண்ணு கிண்ணுன்னு ஒண்ணு கேக்குது. அம்பதுல போனா இல்லை. மறுபடி நாப்பதுக்கு வந்தாக் கேக்குது. நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல வெச்சு, புடியைக் காதுல வெச்சுக் கேட்டேன், மில்லுல அப்படித்தான் பேரிங் பாப்போம். கேக்குதுங்க. அவளையும் கேக்கச் சொன்னேன். கேக்கலைங்கறா. வாசல்ல தயிர் குடுக்க வந்த அம்மாவையும் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னேன். அந்தம்மா, எல்லாச் சத்தமும் கேக்குதுங்க, எதைக் கேக்கறீங்கன்னு கேட்டுச்சு.

ஈரோட்டுல ஒருத்தன், திருப்பூர்ல ஒருத்தன், கோயமுத்தூர்ல ரெண்டு பேர்கிட்டக் காட்டுனேன். மூணு பேர் நல்லா இருக்குதுங்கறானுக. ஒருத்தருக்கொருத்தர் உட்டுக் குடுக்க மாட்டானுக, தெரியுமே. கோயமுத்தூர்ல ஒருத்தன் மட்டும், பேரிங் தேஞ்சிருக்கலாம், தேயாமயும் இருக்கலாம், கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்னான். நான் கோர்ட்டுப் புகார்ல 'பேரிங் தேஞ்சிருக்கலாம் என்று நிபுணர் கூறினார்'னு எழுதுனேன். அவன் சொன்னதைத்தானே எழுதுனேன்?

அதுக்கு முன்னாடி ஒரு மூணு நாள் மோகனசுந்தரம் கடை வாசல்ல போய் உக்காந்தேன். பிளாஸ்டிக் சேர் வீட்டுல இருந்தே கொண்டுட்டுப் போயிட்டேன். வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தர்கிட்டயும் நடந்ததைச் சொன்னேன். அவன் தண்ணி கொண்டாந்து குடுத்தான், டீ வாங்கிக் குடுத்தான், நான் தொடலை. மூணாம் நாள் சாயங்காலம் வந்து, அண்ணா, மாதேசனை வேலையை உட்டு நிறுத்திட்டேன், போதுங்களான்னான். அவன் மூஞ்சியில ஈயாடலை. போதும்னு சேரை எடுத்துட்டு வந்துட்டேன். வந்து அதையும் புகார்ல சேத்துட்டேன். தப்பே செய்யாட்டி எதுக்குய்யா ஆளை நிறுத்துனே? கேள்வி நியாயந்தானே? அதைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் அவன் மொத தடவையா என்னைய அண்ணான்னு கூப்பிடாம சார்னு கூப்பிட்டான்.

மாதேசன் வீட்டுக்கே வந்தான் ஒரு நாள். காலையில ஒரு எட்டு மணி இருக்கும், கேட்டுக்கு வெளிய நிக்கறான், கையில ஒரு பையில ஆரஞ்சுப் பழம். நான் தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு இருந்தேன். நான் பாக்கறதுக்குள்ள வீட்டுக்காரி உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுக் காப்பி குடுத்துட்டா. இவளுக்கு யாரை உக்கார வெக்கறது யாரை நிக்க வெக்கறதுன்னு எப்பவுமே தெரியாது. அவன் எந்திரிச்சு நின்னுட்டான் என்னையப் பாத்ததும்.

"ஐயா, தப்பு என்னோடதுதாங்க. நீங்க ஹார்னைப் பாக்கக் கூப்பிட்டீங்க, திரும்பி வர்றப்ப பானெட் மூடியிருந்துச்சு. நான் தொறந்து பாத்திருக்கோணும். பாக்கலை. பதினெட்டு வருசத்துல இப்படி ஒண்ணு ஆனதில்லைங்கய்யா" அப்படின்னான்.

பாத்தீங்களா எப்படிப் பேசறான்னு? தப்பு என்னோடதுங்கறான், கூடவே ஹார்னு, பானெட்டுன்னு எம்பட தலையில கட்டறான். கஸ்டமர் கூப்பிட்டா வர வேண்டியதுதான், வந்துட்டுத் திரும்பிப் போய் முடிக்க வேண்டியதும் அவன் வேலைதானே. நான் பேசுன பேச்சுல காப்பியைப் பாதியில வெச்சுட்டுப் போயிட்டான். பழப் பையை எடுத்துட்டுப் போடான்னேன், எடுத்துட்டும் போயிட்டான். வீட்டுக்காரி அந்தப் பாதி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு கேட்டுப் பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. எத்தனை நேரம்னு தெரியலை. நான் குளிச்சுட்டு வந்து பாக்கறப்பவும் நின்னுட்டுத்தான் இருந்தா.

அப்புறம் ஆதாரம் வேணும்னு ஒரு யோசனை வந்துச்சுங்க. எஞ்சின் தேஞ்சிருந்தா ஆயில்ல இரும்புப் பொடி இருக்கும், மினுக்கும். பதினஞ்சு நாளைக்கொருக்கா ஆயிலைக் கொஞ்சம் எறக்கி வடிகட்டிப் பாத்தேன். பருத்தித் துணி சரிப்படாது, நூல் பிரிஞ்சு எண்ணெயில கலந்துரும். பட்டுதான் வேணும். பரண்ல பொட்டியில வீட்டுக்காரியோட கல்யாணச் சேலை கெடந்துச்சு. அரக்குக் கலரு. முப்பத்தஞ்சு வருசப் பழசு, மடிப்புலயெல்லாம் இத்துப் போயிருச்சு, இனி யாரு கட்டப் போறா? ஓரத்துல ஒரு முழம் கிழிச்சுக்கிட்டேன். வடிகட்டிப் பாத்தா, அப்படியே மினுமினுன்னு பொடி. வெய்யில்ல புடிச்சா ஜொலிக்குது. சிக்குனான்டா மோகனசுந்தரம்னு அதை ஒரு சீசாவுல போட்டு அரக்கு வெச்சு மூடித் தேதி எழுதுனேன். அவ வந்தா. சீசாவைப் பாத்தா, கீழ கெடந்த துணியைப் பாத்தா. துணியைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மெதுவா, அது சரிகைங்கன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

எனக்கு வந்த கோபத்தைக் கேக்காதீங்க. நான் ஆறு மாசமா நாயா அலையறேன், எம்பட வீட்டுக்குள்ளயே எம்பட ஆதாரத்தைக் கெடுக்கறதுக்கு ஒருத்தி. சரிகை எங்க, இரும்பு எங்க? சரி, சரிகைன்னே வெச்சுக்குவோம். எல்லாமேவா சரிகை? கொஞ்சமாவது இரும்பு இருக்காதா?

அப்புறம் ஓட்டறதையே உட்டுட்டேன். கேஸ் முடியற வரைக்கும் ஓட்டக் கூடாது, ஓட்டுனா ஓட்டித் தேச்சுட்டான்னு சொல்லுவானுக. தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்திட்டேன். எட்டு மாசம். பேட்டரி போச்சு. எலி பூந்து ஒயரெல்லாம் கடிச்சுப் போட்டுச்சு, சீட்டுக்குள்ள குட்டி போட்டுருச்சு. அதையும் நஷ்டத்துல சேத்துருக்கேன். அவன் ஒழுங்கா ஆயில் ஊத்தியிருந்தா வண்டி எதுக்கு நிக்குது, எலி எதுக்கு வருது? வீட்டுக்காரிக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரிக்கு மாசம் ரெண்டு தரம் பஸ்ஸுல போய்ட்டு வந்தா. எனக்கென்ன கல்லு மனசா? எல்லாத்துக்கும் காரணம் அவன்தான்னு அவகிட்டயே சொல்லியிருக்கேன். அவ, சரிங்கன்னுதான் சொல்லுவா.

டிக்கெட்டா? நான் அப்பவே வாங்கிட்டனுங்க கண்டக்டர். தம்பி, நீங்க வாங்குங்க.

இன்னிக்குக் காலையிலதாங்க கூப்பிட்டிருந்தாங்க. நுகர்வோர் கோர்ட்டுல இப்பெல்லாம் மொதல்ல சமரசம் பேசச் சொல்றாங்க. ஒரு ரூம், ஒரு மேசை. வயசான வக்கீலம்மா ஒருத்தர் நடுவுல. அந்தப் பக்கம் மோகனசுந்தரம் மட்டும், வக்கீல்கூட வெச்சுக்கலை. இந்தப் பக்கம் நானும் வீட்டுக்காரியும். அவ எதுக்குன்னு கேக்கறீங்களா? வண்டி அவ பேர்ல இருக்குதுங்க. சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிடையர் ஆனா, அந்தக் காசும் அவ அப்பன் வீட்டுக் காடு தோட்டத்துல வந்த பங்கும் சேத்து வாங்குனது. ஆர்சி புக்கு அவங்கம்மா பேர்லதான் இருக்கோணும்னு பையன் அடம் புடிச்சான். பேர் யாரு பேருன்னா என்னங்க, கலர் பாத்தது யாரு, பூசை போட்டது யாரு, ஓட்டறது யாரு? புகாரும் அவ பேர்லதான் போட முடியும்னாங்க. நான் எழுதுனேன், எடத்தைக் காட்டுனேன், அவ கையெழுத்துப் போட்டா.

நான் ஒரு மணி நேரம் பேசுனேன். சீசாவைக் காட்டுனேன், சேர் போட்டு உக்காந்ததைச் சொன்னேன். புது எஞ்சின் வேணும், பேப்பர்ல மன்னிப்புப் போடோணும்னேன். அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, கண்ணாடியை ஏத்தி உட்டுக்கிட்டு, பேப்பரைப் பாத்து, புகார்தாரர் வசந்தாமணி, நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மாங்குது. எனக்கு ஒரு நிமிசம் யாரைச் சொல்றாங்கன்னே தெரியலை. திரும்பிப் பாத்தா இவ பேசறா.

"ஆயில் ஊத்தாதது அவங்க தப்புதாங்கம்மா. ஆனா பாலம் எறங்கறப்பவே விளக்கு எரிஞ்சுது. நான் பாத்தேன். ரெண்டு தரம் சொன்னேன். அப்பவே நிறுத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. மூணாந்தரம் சொல்றதுக்கு எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

பயமாமாங்க. என்ன பயம்? முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாள் கை நீட்டியிருப்பனா? எதிராளி முன்னாடி வெச்சு, பயமா இருந்துச்சுங்கறா. மோகனசுந்தரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவன் சிரிச்சிருந்தாக்கூட எனக்குத் தேவலை.

உனக்கு என்னடி தெரியும் எஞ்சினைப் பத்தின்னு நான் ஆரம்பிச்சேன். அந்த வக்கீலம்மா என்னைய உக்காரச் சொல்லுது. ஐயா, புகார்தாரர் பேசட்டும், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களான்னு கேக்குது. நான் எழுதுன புகாருங்க. மாசக்கணக்கா நான் தூங்காம எழுதுன புகாரு. என்னைய வெளிய பெஞ்சில உக்கார வெச்சுட்டாங்க, குத்தவாளியாட்ட.

கால் மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. எஞ்சினை அவ முன்னாடி வெச்சுக் கழட்டிப் பாக்கறது, தேஞ்சது இருந்தா மாத்திக் குடுக்கறது, ஒயர், பேட்டரியும் போட்டுக் குடுக்கறது. கேஸ் வாபஸ். அதுல ஒரு கண்டிசன் இவ போட்டிருக்கா பாருங்க, அந்த மாதேசன்தான் வேலை பாக்கோணுமாம். அவன் இப்ப சிப்காட்டுல ஏதோ கம்பெனியில மூட்டை தூக்கறானாமா. அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கோணுமாம். மோகனசுந்தரம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டான். இவளும் போட்டுட்டா. நான் எடம் காட்டாமயே போட்டிருக்கா. அவனை எடுத்தாலும் எடுக்காட்டியும் இவளுக்கென்ன வந்துச்சு, சொல்லுங்க? மாமனா மச்சானா?

வெளிய வந்து, ஏன் இப்படிப் பண்ணுனேன்னு கேட்டேன். வண்டி எம்பட பேர்ல இருக்குதுங்கன்னா. அவ்வளவுதான். கோபமாக்கூடச் சொல்லலை. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. அப்புறம் முன்னாடி நடந்து போயி பஸ்ஸுல ஏறிட்டா.

இந்த பஸ்ஸுதாங்க. அதா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, நீலச் சேலை. ஈரோட்டுல இருந்து ஒரு தரம்கூடத் திரும்பிப் பாக்கலை பாருங்க. நான் எதுக்குப் போய்ப் பக்கத்துல உக்காரோணும்? அவளா வரட்டும். வீட்டுக்குத்தானே வரோணும், எங்க போயிரப் போறா. ரெண்டு நாள் பேசாம இருந்தாச் சரியாப் போயிரும். எஞ்சினைக் கழட்டட்டும், உள்ள கீறல் இருக்கும், நான் எழுதித் தர்றேன், இருக்கும். அன்னிக்கு வருவா, நீங்க சொன்னதுதாங்க சரின்னு. இல்லாட்டி அந்த மாதேசன் கீறலைத் தேச்சு மறைச்சுருவான், இவளுக்கு என்ன தெரியப் போகுது?

எந்த ஊருங்க இது? வெள்ளோடா. ஏன் எந்திரிக்கறா? பையை எடுக்கறா பாருங்க. இவளுக்கு அக்கா ஒருத்தி இங்க இருக்கா. நான் அங்க போறதில்லை, பன்னெண்டு வருசம் ஆச்சு, அது வேற கதை. சொல்லாம எறங்கறாளே.

இந்தா புள்ளே. இந்தா.

நாலு பொம்பளைங்க திரும்பிப் பாக்கறாங்க, அவ திரும்பலை. இல்லைங்க தம்பி, பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்தான்னுதான் கூப்பிடறது. இந்தா.

எறங்கிட்டா. விசில் குடுத்துட்டான். உடுங்க, எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க, நான் எதுக்கு எறங்கோணும்? பஸ் எரைச்சல்ல அவளுக்குக் காதுல உழுந்திருக்காதுங்க.